சட்டம் வென்ற மறுநாள்: அமெரிக்க அறக்கட்டளைப் பணமும் ஏழைகளின் மருத்துவமும்

2017 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஒரு மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிகெய்ட். அதை வறுமைக் கோட்டின் 138 விழுக்காடு வரை வருமானமுள்ள பெரியவர்கள் அனைவருக்கும் விரிக்கலாமா என்பதுதான் கேள்வி. 59 விழுக்காட்டினர் 'ஆம்' என்றார்கள். அதற்குமுன் சட்டமன்றம் ஐந்து முறை இந்த விரிவாக்கத்தை நிறைவேற்றியிருந்தது. ஆளுநர் பால் லெபேஜ் ஐந்து முறையும் மறுத்துத் திருப்பியிருந்தார். (அங்கே ஆளுநர் மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநில அரசின் தலைவர், நம் முதல்வரின் இடத்தில் இருப்பவர்.)

மக்களே வாக்களித்த பிறகும் லெபேஜ் அசையவில்லை. 2018 ஜூலை 2 முதல் காப்பீடு கிடைக்க வேண்டும் என்றது புதிய சட்டம். அதற்குரிய விண்ணப்பத்தைக்கூட அவருடைய அரசு வாஷிங்டனுக்கு அனுப்பாமல் வைத்திருந்தது. 'மெயின் ஈக்வல் ஜஸ்டிஸ் பார்ட்னர்ஸ்' என்ற சட்ட உதவி அமைப்பும் வேறு சிலரும் நீதிமன்றம் போனார்கள். அடுத்த ஆளுநர் ஜேனட் மில்ஸ் பதவியேற்றதும் 2019 ஜனவரி 3 அன்று பிறப்பித்த முதல் ஆணை இந்த விரிவாக்கத்தைச் செயல்படுத்தச் சொன்ன ஆணைதான். வாக்குப் பெட்டிக்கும் காப்பீட்டு அட்டைக்கும் நடுவே 14 மாதங்கள் ஓடிவிட்டன.

அந்த 14 மாதங்களுக்கு வழக்கறிஞரின் சம்பளத்தை யார் தருவது? 'சட்டம் வந்துவிட்டதே, காப்பீடு எப்போது கிடைக்கும்' என்று கேட்கும் குடும்பங்களின் தொலைபேசிக்கு யார் பதில் சொல்வது? மருத்துவ உரிமைக்கும் பொருளாதார நீதிக்கும் நிதி தரும் அறக்கட்டளைகளைப் பற்றிப் பேசும்போது நான் எப்போதும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குவேன். போராட்டத்துக்குப் பணம் தர ஆள் உண்டு. வென்ற பிறகு நடக்கும் வேலைக்குத்தான் பணம் வற்றிவிடுகிறது. இதற்குச் சட்டத்தின் மீது பழி போடும் வழக்கம் அறக்கட்டளை உலகில் உண்டு. அந்தச் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

1969 விட்டுச் சென்ற பயம்

1967-இல் ஓஹியோவின் கிளீவ்லாந்தில் கறுப்பின வாக்காளர்களைப் பதிவு செய்யும் பணிக்கு ஃபோர்டு அறக்கட்டளை பணம் தந்தது. அந்த ஆண்டே கார்ல் ஸ்டோக்ஸ் அங்கே மேயராக வென்றார். அமெரிக்கப் பெருநகர் ஒன்றில் தேர்தலில் வென்ற முதல் கறுப்பின மேயர் அவர். ராபர்ட் கென்னடி கொல்லப்பட்ட பிறகு அவருடைய உதவியாளர்கள் 8 பேருக்கும் அதே அறக்கட்டளை நிதி கொடுத்தது. செல்வந்தர்களின் அறக்கட்டளைகள் வரி ஏய்ப்புக் கூடாரங்கள் என்று டெக்சாஸைச் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ரைட் பேட்மன் பல ஆண்டுகளாகச் சாடிவந்தார். எல்லாம் சேர்ந்து 1969 வரிச் சீர்திருத்தச் சட்டமாக வெடித்தது.

அந்தச் சட்டம் தனியார் அறக்கட்டளை என்று ஒரு தனி இனத்தை உருவாக்கியது. ஒரு குடும்பமோ ஒரு நிறுவனமோ தந்த மூலதனத்தில் வாழும் அறக்கட்டளை அது. சொத்து மதிப்பில் ஆண்டுக்கு 5 விழுக்காடு வெளியே போக வேண்டும் என்பது இன்று அதற்குள்ள விதி. 20 கோடி டாலர் சொத்துள்ள அறக்கட்டளை சுமார் 1 கோடி டாலர் செலவிட வேண்டும். நியாயமான நிர்வாகச் செலவும் அதற்குள் அடங்கும். முதலீட்டு வருமானத்துக்கு 1.39 விழுக்காடு வரி. இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது லாபி செய்வதற்கான தடை. சட்டம் இயற்றுவோரை ஒரு குறிப்பிட்ட மசோதாவின் பக்கம் சாய்க்க இந்த அறக்கட்டளை பணம் செலவிட்டால் அந்தத் தொகையில் 20 விழுக்காடு அபராத வரி. தெரிந்தே ஒப்புதல் தந்த நிர்வாகிக்குத் தனியாக 5 விழுக்காடு. தவறைத் திருத்தாவிட்டால் அறக்கட்டளை மீதான வரி 100 விழுக்காடாகிவிடும்.

இந்த எண்களைப் பார்த்த அறங்காவலர்கள் 'அரசு, சட்டம், கொள்கை' என்ற வார்த்தைகள் வந்தாலே கையை இழுத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். சட்டம் அந்த அளவுக்குத் தடுக்கவில்லை.

எது லாபி, எது இல்லை

லாபி என்பதற்கு வரிச் சட்டம் தரும் வரையறை குறுகலானது. சட்டமன்ற உறுப்பினரிடமோ அவரது ஊழியரிடமோ பேச வேண்டும். குறிப்பிட்ட ஒரு சட்டம் பற்றிப் பேச வேண்டும். அதில் ஒரு நிலைப்பாடு எடுக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது நேரடி லாபி ஆகாது. பொதுமக்களிடம் பேசுவது லாபி ஆக வேண்டுமானால் நான்காவதாக ஒன்றும் தேவை: 'உங்கள் உறுப்பினரை அழைத்துச் சொல்லுங்கள்' என்பது போன்ற தூண்டுதல்.

ஆக, மாநிலச் சுகாதாரத் துறை அதிகாரியிடம் போய் 'மெடிகெய்ட் படிவத்தில் இந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள்' என்று மன்றாடுவது லாபி அல்ல. விதிமுறை வரைவுக்குக் கருத்து எழுதி அனுப்புவது லாபி அல்ல. வழக்குத் தொடுப்பதும் அல்ல. காப்பீடு இல்லாதவர்களின் நிலை பற்றி, மசோதா எதையும் குறிப்பிடாமல் ஊரெங்கும் பேசலாம். சட்டமன்றக் குழு எழுத்து மூலம் கேட்டால் சாட்சியம் தரலாம். ஒரு தனி உறுப்பினர் வாய்மொழியாகக் கேட்டது போதாது, குழுவின் கடிதம் கோப்பில் இருக்க வேண்டும். ஆய்வறிக்கைக்கு இன்னும் தாராளமான இடம் உண்டு. தரவுகளை முழுமையாகவும் நேர்மையாகவும் வைத்து, படிப்பவர் தாமே முடிவெடுக்க வழிவிட்டால், அறிக்கை கடைசியில் ஒரு மசோதாவை ஆதரிக்கலாம். ஒரு பக்கத்தை ஆதரிப்பவர்களுக்கு மட்டும் அனுப்பக் கூடாது; 'போய் அழுத்தம் கொடுங்கள்' என்று முடிக்கக் கூடாது.

பலர் சறுக்குவது மக்கள் வாக்கெடுப்பில். அங்கே வாக்காளரே சட்டம் இயற்றுபவர் என்பதால் 'ஆம் என்று வாக்களியுங்கள்' என்பது நேரடி லாபி. ஆனால் கையெழுத்து வாங்கும் மனு வாக்காளர்களிடையே முதன்முதலாகச் சுற்றத் தொடங்கும் நாளில்தான் அது 'குறிப்பிட்ட சட்டம்' ஆகிறது. அதற்கு முந்தைய ஆய்வுக்கும் கணக்கெடுப்புக்கும் பொதுவாகத் தனியார் அறக்கட்டளை பணம் தரலாம். பிறகு வரும் பிரசாரத்துக்குத் தொழிற்சங்கப் பணமோ வேறு வகை அமைப்புகளின் பணமோ வர வேண்டும். மெயினில் தொடங்கி 2018-இல் யூட்டா, ஐடஹோ, நெப்ராஸ்கா, 2020-இல் ஓக்லஹோமா, மிசூரி, 2022-இல் தெற்கு டகோட்டா என்று விரிவாக்கம் வாக்குப் பெட்டி வழியாக வென்ற மாநிலங்களில் பலவற்றுக்குத் துணைநின்ற 'ஃபேர்னஸ் ப்ராஜெக்ட்', கலிஃபோர்னிய மருத்துவத் தொழிலாளர் சங்கம் ஒன்றின் பணத்தில் பிறந்தது. அறக்கட்டளைகள் கால்வைக்க முடியாத இடத்தைச் சங்கம் நிரப்பியது.

அந்தத் தடைக்கு வெளியே நின்ற ஒரு பெரும் அறக்கட்டளையும் இருந்தது. சக் ஃபீனியின் அட்லாண்டிக் ஃபிலாந்த்ரபீஸ் பெர்முடாவில் பதிவானது. அமெரிக்க விதி அதைக் கட்டாததால், 2010 மருத்துவச் சீர்திருத்தச் சட்டத்துக்காகப் போராடிய 'ஹெல்த் கேர் ஃபார் அமெரிக்கா நவ்' கூட்டணிக்கு 2.5 கோடி டாலருக்கும் மேல் கொடுத்தது. மற்றவர்களுக்கு அந்த வழி இல்லை.

நல்கை பெறும் அமைப்பின் கணக்கு

தனியார் அறக்கட்டளை லாபி செய்யக் கூடாது. அதனிடம் பணம் வாங்கும் பொதுத் தொண்டு அமைப்பு, அதாவது பலரின் ஆதரவில் இயங்கும் அமைப்பு, ஒரு வரம்புக்குள் செய்யலாம். இந்த வேறுபாட்டை இரு தரப்புமே மறந்துவிடுகின்றன.

1976 முதல் பொதுத் தொண்டு அமைப்புகளுக்கு 501(எச்) என்ற தேர்வு உண்டு. 5768 என்ற எளிய படிவத்தை ஒரே ஒரு முறை நிரப்பி அனுப்பினால் போதும். அதன்பின் ஆண்டுச் செலவில் முதல் 5 லட்சம் டாலரில் 20 விழுக்காடு, அடுத்த 5 லட்சத்தில் 15, அதற்கடுத்த 5 லட்சத்தில் 10, மீதியில் 5 விழுக்காடு வரை லாபிக்குச் செலவிடலாம்; உச்சம் 10 லட்சம் டாலர். அதில் கால் பங்குவரை பொதுமக்களைத் தூண்டும் லாபிக்குப் போகலாம்.

ஆண்டுக்கு 8 லட்சம் டாலர் செலவிடும் ஒரு சட்ட உதவி அமைப்பை எடுத்துக்கொள்வோம். முதல் 5 லட்சத்துக்கு 1,00,000. மீதி 3 லட்சத்துக்கு 45,000. ஆக 1,45,000 டாலர் வரம்பு. சலுகைகளும் சேர்த்து 78,000 டாலர் செலவாகும் ஓர் ஊழியர் ஆண்டுக்கு 2,080 மணி நேரம் வேலை செய்தால் மணிக்கு 37.50 டாலர். கூட்டத்தொடர் முழுக்க உறுப்பினர்களின் அறைக்கு நடந்ததும், அதற்காகக் குறிப்பு தயாரித்ததும் சேர்த்து 120 மணி என்றால் 4,500 டாலர். வாடகை, மின்சாரம் போன்றவற்றில் ஒரு பங்கைச் சேர்த்தாலும் வரம்பின் அருகில்கூட வராது. சிறிய அமைப்புகள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும். நேரப் பதிவேடு மட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும்: யார், எந்த மசோதா, எத்தனை மணி.

நல்கை தரும் பக்கத்தில் இரு பாதுகாப்பான வழிகள் உண்டு. முதலாவது பொது ஆதரவு நல்கை. 'இது லாபிக்கு' என்று ஒதுக்கிவைக்காத வரை, பெறும் அமைப்பு அதை எப்படிச் செலவிட்டாலும் அறக்கட்டளைக்கு வரி இல்லை. இரண்டாவது திட்ட நல்கை. திட்டத்தின் மொத்தச் செலவு 2,00,000 டாலர், அதில் லாபி 20,000 என்று அமைப்பின் நிர்வாகி கையெழுத்திட்ட வரவுசெலவுத் திட்டம் சொன்னால், அறக்கட்டளை 1,80,000 வரை தரலாம். அந்த 20,000-ஐ அமைப்பு வேறு பணத்திலிருந்து கொண்டுவரும்.

இவ்வளவு தெளிவான விதி இருந்தும், நல்கை ஒப்பந்தங்களில் 'இந்தப் பணத்தின் எந்தப் பகுதியும் லாபிக்குப் பயன்படக் கூடாது' என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. பொதுத் தொண்டு அமைப்புக்குத் தரும் நல்கையில் இந்த வரியைச் சட்டம் கேட்கவில்லை. பழைய மாதிரிப் படிவத்திலிருந்து யாரோ நகல் எடுத்தது அப்படியே தங்கிவிட்டது. கையெழுத்திட்டால் ஒப்பந்தம் கட்டும். பொது ஆதரவு நல்கையின் சுதந்திரம் போய்விடும். கையெழுத்துக்கு முன் 'இந்த நல்கை லாபிக்கென ஒதுக்கப்பட்டதல்ல' என்று மாற்றித் தரும்படி கேளுங்கள். நியாயமான அறக்கட்டளை மாற்றித்தரும்.

இன்னொரு பொறி பெரிய மனத்தோடு வருவது. பொதுத் தொண்டு என்ற தகுதியைக் காக்க, பொதுவாக ஐந்தாண்டுக் கணக்கில் ஆதரவின் மூன்றில் ஒரு பங்கு பொதுமக்களிடமிருந்தோ அரசிடமிருந்தோ வந்ததாகக் காட்ட வேண்டும். தனியார் அறக்கட்டளை ஒன்று எவ்வளவு கொடுத்தாலும் மொத்த ஆதரவில் 2 விழுக்காடு அளவுக்கே பொது ஆதரவாகச் சேரும். சிறிய அமைப்புக்கு ஒரே இடத்திலிருந்து பெரும் நல்கை வந்தால் அதன் தகுதியே சாய்ந்துவிடலாம். நல்கையைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்தாலும், இரண்டு மூன்று அறக்கட்டளைகள் சேர்ந்து தந்தாலும் இந்தத் தொல்லை குறையாமல் போகலாம். ஆகவே முதலிலேயே கணக்காளரைக் கொண்டு ஐந்தாண்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இந்தப் பணம் யாருடையது

மருத்துவத்துக்கு நிதி தரும் அமெரிக்க அறக்கட்டளைகளில் ஒரு பெரிய பகுதி எந்தச் செல்வந்தரின் உயிலிலும் பிறந்ததல்ல. 1990-களில் லாபநோக்கற்ற காப்பீட்டு நிறுவனங்களும் மருத்துவமனைகளும் லாப நிறுவனங்களாக மாறின. பல பத்தாண்டுகள் பொதுநலத்தின் பெயரில் சேர்ந்த சொத்தைப் பங்குதாரர்களுக்குக் கொடுத்துவிட முடியாது. பொதுநலத்துக்கே போக வேண்டும் என்பது அறச்சொத்துச் சட்டம். கலிஃபோர்னியாவின் புளூ கிராஸ் என்ற லாபநோக்கற்ற காப்பீட்டு நிறுவனம் வெல்பாயிண்ட் என்ற லாப நிறுவனம் ஆனபோது, நுகர்வோர் அமைப்புகள் நெருக்கிய பிறகே 1996-இல் 300 கோடி டாலருக்கும் மேற்பட்ட சொத்து இரண்டு அறக்கட்டளைகளுக்குப் போனது: கலிஃபோர்னியா எண்டோவ்மென்ட், கலிஃபோர்னியா ஹெல்த்கேர் ஃபவுண்டேஷன். மெயினிலும் 2000-இல் ஆந்தெம் நிறுவனம் அங்கிருந்த புளூ கிராஸை வாங்கியபோது மெயின் ஹெல்த் ஆக்சஸ் ஃபவுண்டேஷன் பிறந்தது.

காப்பீட்டுக் கட்டணம் கட்டிய சாதாரணக் குடும்பங்களின் பணம் இது. கருணையாக நீட்டப்படும் தொகை போல இதைப் பேசுவது எனக்கு உறுத்துகிறது. யாருடைய பணமோ அவர்களுக்கு அதன் போக்கைக் கேட்கும் உரிமையும் உண்டு. தனியார் அறக்கட்டளைகளின் 990-பிஎஃப் கணக்குப் படிவம் எவரும் பார்க்கக்கூடிய பொது ஆவணம். யாருக்கு எவ்வளவு என்று அதில் வரிவரியாக இருக்கும். விண்ணப்பம் எழுத உட்காரும் முன் மூன்று ஆண்டுப் படிவங்களைப் படியுங்கள். இணையதளத்தில் 'நீதி' என்று எழுதியிருக்கும் அறக்கட்டளை, படிவத்தில் மருத்துவமனைக் கட்டடங்களுக்கே கொடுத்திருப்பது தெரியவரலாம்.

நடைமுறையில் எங்கே உடைகிறது

முதல் உடைப்பு நாட்காட்டியில். டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் 140 நாள் மட்டுமே. ஜனவரியில் தொடங்கி மே மாத இறுதியில் முடிந்துவிடும். அறக்கட்டளையின் குழுவோ ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கூடுவது. இரண்டு பக்க அறிமுகக் கடிதம், பிறகு முழு விண்ணப்பம், திட்ட அலுவலரின் வருகை, தணிக்கை அறிக்கை, குழுவின் ஒப்புதல், ஒப்பந்தம் என்று எல்லாம் முடியப் பல மாதம் ஆகும். மார்ச்சில் ஒப்புதலான பணம் கைக்கு வரும்போது கூட்டத்தொடர் முடிந்திருக்கும். அவசரத்துக்கென்று ஒரு சிறு தொகையைத் தலைமை அலுவலரே இரண்டு வாரத்தில் ஒப்புதல் தரும்படி குழு முன்கூட்டியே அதிகாரம் கொடுத்து வைக்கலாம். இதற்குச் சட்டத் தடை எதுவும் இல்லை.

இரண்டாவது, ஓராண்டு நல்கை. பத்தாவது மாதம் அடுத்த நல்கைக்கான விண்ணப்பம் எழுதும் இயக்குநர் அந்த மாதம் முழுக்க வேறெதுவும் செய்வதில்லை. வேலை நிச்சயம் இல்லாத ஊழியர் வேறிடம் தேடிப் போகிறார்; மெடிகெய்ட் விதிகளை இரண்டாண்டு கற்றுக்கொண்ட அறிவும் அவரோடு போகிறது.

மூன்றாவதுதான் நான் முதலில் சொன்னது. சட்டம் நிறைவேறியதும் 'இலக்கு எட்டப்பட்டது' என்று திட்டத்தை மூடிவிடுவது. இதன் விலையை இரண்டு மாநிலங்கள் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து காட்டின.

கலிஃபோர்னியாவில் 2013-இல் காப்பீட்டு விரிவாக்கம் தொடங்க இருந்தபோது, ஆட்களைச் சேர்க்கும் வேலைக்கு எண்டோவ்மென்ட் மாநில அரசுக்கே பணம் தந்தது. கூட்டாட்சி அரசு அதற்கு இணையாகத் தன் பங்கைப் போட்டது. மெடி-கால் (கலிஃபோர்னியாவின் மெடிகெய்ட்) விண்ணப்பம் ஒன்றை நிரப்ப உதவி, அது ஒப்புதலானால் உதவியாளரின் அமைப்புக்கு 58 டாலர். விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று விலை வைத்தது சரியா என்ற கேள்வி எனக்கு உண்டு: எளிய குடும்பமும் ஏழு ஆவணம் தேடவேண்டிய குடும்பமும் ஒரே 58 டாலர்தான். ஆனாலும் அறக்கட்டளையின் ஒரு டாலர் அரசின் ஒரு டாலரை இழுத்துவந்தது. சட்டத்துக்கு அடுத்த நாளுக்காகவே திட்டமிட்ட பணம் அது.

ஆர்கன்சாவில் 2018-இல், மெடிகெய்ட் வேண்டுமானால் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததைப் பதிவு செய்ய வேண்டும் என்று விதி வந்தது. தொடக்கத்தில் இணையதளம் ஒன்றே வழி. அந்தத் தளம் இரவு 9 மணிக்கு மூடி காலை 7 மணிக்குத் திறக்கும். இரவு வேலை முடித்து வருபவர், வீட்டில் இணையம் இல்லாதவர், கடிதம் பழைய முகவரிக்குப் போனவர் எல்லாரும் விழுந்தார்கள். சில மாதங்களில் 18,000-க்கும் மேற்பட்டோர் காப்பீட்டை இழந்தனர். ஆர்கன்சா சட்ட உதவி அமைப்பும் நேஷனல் ஹெல்த் லா ப்ரோகிராமும் சதர்ன் பாவர்ட்டி லா சென்டரும் தொடுத்த வழக்கில், 2019 மார்ச்சில் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பர்க் அந்த விதிக்குக் கூட்டாட்சி அரசு தந்த ஒப்புதலை ரத்து செய்தார். வழக்கு லாபி அல்ல. தனியார் அறக்கட்டளை எந்தத் தயக்கமும் இன்றி நிதி தரக்கூடிய வேலை இது.

கொரோனா காலத்தில் யாரையும் மெடிகெய்டிலிருந்து நீக்கக் கூடாது என்றிருந்த விதி 2023 மார்ச் 31-இல் முடிந்தது. அதன்பின் 2.5 கோடிக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டனர். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் அளவுக்கு நீக்கப்பட்டது, தகுதியில்லை என்று யாரும் கண்டறிந்ததால் அல்ல. படிவம் வரவில்லை, காகிதம் சேரவில்லை என்ற நடைமுறைக் காரணங்களால் போனார்கள். எந்தச் சட்டமன்றமும் அவர்களுக்கு எதிராக வாக்களிக்கவில்லை.

கடனை வாங்குவதா, கடன் விழும் பள்ளத்தை மூடுவதா

பொருளாதார நீதியின் பக்கம் மருத்துவக் கடனில் இதே கேள்வி வருகிறது. வசூலாகாத மருத்துவக் கடன்கள் முகமதிப்பில் மிகச் சிறிய பங்குக்கு விற்கப்படுவதால், அவற்றை வாங்கித் தள்ளுபடி செய்வது கொடையாளர்களுக்குப் பிடித்த திட்டமாக இருந்தது. 2024-இல் வெளியான ஒரு பெரிய சோதனை ஆய்வு 83,401 பேரின் 16.9 கோடி டாலர் கடன் தள்ளுபடியைப் பின்தொடர்ந்தது. அவர்களின் பண நிலையிலும் மன நலத்திலும் சராசரியாகக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. விற்பனைக்கு வரும் கடன் பெரும்பாலும் பழையது. காயம் எப்போதோ பட்டுவிட்டது.

காயத்துக்கு முன்னால் நிற்பது வேறு வேலை. லாபநோக்கற்ற மருத்துவமனைகள் எழுத்து வடிவில் நிதியுதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும். முதல் ரசீதிலிருந்து 120 நாள் வரை கடும் வசூல் நடவடிக்கை கூடாது. 240 நாள் வரை நோயாளியின் உதவி விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்று கூட்டாட்சி வரிச் சட்டம் சொல்கிறது. இது பல நோயாளிகளுக்குத் தெரியாது. தெரியவைத்து, விண்ணப்பம் நிரப்பி, மறுத்தால் மேல்முறையீடு செய்யும் ஒரு ஊழியரின் சம்பளம் ஆயிரம் பழைய ரசீதுகளை வாங்குவதைவிட நன்றாக உழைக்கும். வட கரோலினா 2024-இல் இன்னொரு படி போனது: மெடிகெய்ட் வழியே கூடுதல் தொகை வேண்டுமானால் ஏழை நோயாளிகளின் கடனைத் தள்ளுபடி செய்து, இனிக் கடன் சேராதபடி விதிகளையும் மாற்ற வேண்டும் என்றது. தகுதியுள்ள 99 மருத்துவமனைகளும் ஒப்புக்கொண்டன.

இப்போது ஆர்கன்சா விதி நாடு முழுக்க வருகிறது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டப்படி, விரிவாக்கத்தில் காப்பீடு பெற்ற பெரியவர்கள் மாதம் 80 மணி நேர வேலையையோ அதற்கு ஈடான ஒன்றையோ காட்ட வேண்டும். மாநிலங்கள் பொதுவாக 2027 ஜனவரி 1-க்குள் இதைத் தொடங்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை இருந்த தகுதிப் பரிசோதனை அவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆகிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு படிவம் வரையப்படும், ஒரு இணையதளம் கட்டப்படும், விலக்கு பெறும் நோய்களுக்கு ஒரு பட்டியல் எழுதப்படும். அவற்றை எழுதுவது சட்டமன்றத்தைவிட அதிகம் துறை அலுவலகம்தான். அங்கே போய்ப் பேசுவது லாபி அல்ல. அந்தத் தளம் இரவு 9 மணிக்கு மூடுமா என்று கேட்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மூன்றாண்டுச் சம்பளம் வேண்டும்.